அட்வான்ஸ் தட்டு வரைக்கும் வந்த வீடு

வெளிநாட்டில் இருக்கிற நமக்கு நீள லீவு கிடைப்பது இரண்டே சீசனில்தான். ஒன்று ஆடி, இன்னொன்று மார்கழி. இரண்டிலும் ஊரில் எவனும் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க மாட்டான். அதனால்தான் 2025 டிசம்பரில் மேனேஜரிடம் கெஞ்சி, கார்த்திகை முடிவதற்குள் எங்கள் பழைய வீட்டை விற்கக் கும்பகோணத்தில் இறங்கினேன். பட்டா, வில்லங்கம் எல்லாம் சுத்தம். அதில் சொல்லக் கதையில்லை.

வீடு ரொம்ப நாளாக விலை போகாமல் கிடந்தது. புரோக்கர் ஒவ்வொரு போனிலும் ஒரு காரணம் சொல்வார். மார்க்கெட் டல், தெரு குறுகல், கிணறு இருக்கும் மூலை சரியில்லை. கடைசியில் எப்போதும் அதே பல்லவி: "அஞ்சு லட்சம் இறங்குங்க சார், முடிச்சுடலாம்." இறங்கினேன். வெள்ளையடித்து, அப்பாவின் ஈஸிசேரைக்கூட அத்தை வீட்டுக்கு அனுப்பினேன். டொராண்டோவில் வீடு விற்க ஏஜென்ட் வாடகை சோபா கொண்டுவந்து போடுவார். இங்கே நம் ஏஜென்ட் சாவியையே தொலைத்து வைத்திருந்தார்.

ஒருவழியாக ஒரு பாத்திரக்கடைக்காரர் 80 லட்சத்துக்கு ஒத்துக்கொண்டார். நல்ல நேரம் பார்த்துக் குடும்பத்தோடு வந்தார். அவர் கடைப் பித்தளைத் தட்டு, வெற்றிலை, பூவம்பழம், மேலே நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய செக். தட்டை நீட்டும் நேரத்தில் அவருடைய ஆடிட்டர் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"ஓனர் எங்க இருக்காரு?"

"கனடாவுல."

"அப்ப நிறுத்துங்கண்ணே. என்ஆர்ஐக்கு டிடிஎஸ் வேற."

ஆடிட்டர் சொன்னது சரிதான். டிடிஎஸ் என்பது வாங்குபவர் விலையிலிருந்து பிடித்து அரசுக்குக் கட்டும் வரி. உள்ளூர்க்காரர் விற்றால், விலை 50 லட்சமோ அதற்கு மேலோ போனால் 1 சதவீதம் பிடித்துக் கட்டினால் போதும். நான் விற்றால் 12.5 சதவீதம், அதன்மேல் சர்சார்ஜ், செஸ். லாபம் எவ்வளவாக இருந்தாலும், குறைவாகப் பிடிக்கலாம் என்று வரி அலுவலகம் தரும் சான்றிதழ் கையில் இல்லையென்றால் ஆடிட்டர்கள் முழு விலைக்கும் பிடிக்கத்தான் சொல்வார்கள். 80 லட்சத்துக்குப் 11 லட்சத்தைத் தாண்டும். பணம் என்னுடையதுதான், ரிட்டர்ன் போட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அப்போதைய விதிப்படி வாங்குபவர் டான் நம்பர், அதாவது வரி பிடித்துக் கட்டுபவருக்கான எண், எடுக்க வேண்டியிருந்தது, கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், பிடிக்காமல் விட்டால் நோட்டீஸ் அவருக்குத்தான் வரும். பாத்திரக்கடைக்காரருக்கு இதெல்லாம் என்ன தலையெழுத்து?

செக் சட்டைப் பைக்குப் போனது. தட்டும் போனது. பழத்தை மட்டும் வைத்துவிட்டு, "தை பொறக்கட்டும் தம்பி, பாப்போம்" என்றார்.

புரோக்கர் அசரவில்லை. "தம்பிக்கு பவர் எழுதிக் குடுத்துட்டுப் போங்க சார், அவர் லோக்கல்தானே?" பவர் வாங்கியவர் கையெழுத்துதான் போடுவார், வரி வீட்டுக்காரர் எங்கே வசிக்கிறார் என்பதைப் பார்த்துத்தான். இத்தனை வருஷம் தொழில் பண்ணுகிறவருக்கு இது தெரியாதா, தெரிந்தும் சொல்லவில்லையா? முன்னால் வந்துவிட்டுச் சத்தமில்லாமல் நழுவிய பார்ட்டிகளும் இதனால்தான் போயிருப்பார்கள். நான் வீணாக லட்சம் லட்சமாக இறக்கிக்கொண்டிருந்தேன்.

நியாயமாகச் சொன்னால், கனடாவிலும் வெளிநாட்டில் வசிப்பவர் வீடு விற்றால் வாங்குபவர் பணத்தைப் பிடித்துவைக்கத்தான் வேண்டும். அங்கே அதை வக்கீல் பார்த்துக்கொள்வார், வாங்குபவர் தூக்கம் கெடாது. இங்கே அந்த வக்கீல் வேலையை நாமே செய்தாக வேண்டியிருக்கிறது.

இப்போது செய்திருப்பது இதுதான். விலையை இனி இறக்குவதில்லை. ஓனர் என்ஆர்ஐ என்று முதல் போனிலேயே சொல்லச் சொல்லியாயிற்று. வாங்குபவர் செய்ய வேண்டிய தாக்கல் எல்லாம் என் ஆடிட்டர், என் செலவு, அக்ரிமென்டிலேயே எழுதிவிடுவோம். அக்ரிமென்ட் போட்டதும் வருமான வரி அலுவலகத்தில் குறைந்த டிடிஎஸ் சான்றிதழுக்கு மனு. தாத்தா காலத்து வீடு என்பதால் 2001 ஏப்ரல் 1 மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். அதற்கு வேல்யூயர் ரிப்போர்ட் வாங்கி வைத்தாயிற்று. சான்றிதழ் வர வாரக்கணக்கில் ஆகும், அதனால் கிரயத்துக்குக் கெடுவை நீட்டிப் போட வேண்டும்.

நேற்று புரோக்கர் போன் செய்தார். புதுப் பார்ட்டி, டிடிஎஸ் ஒரு பிரச்சினையே இல்லையாம். கிணற்றை மட்டும் மூடித் தரச் சொல்கிறாராம்.