சேலம் பேட் கடை: வாங்குவதற்கு அல்ல, தட்டித் தருவதற்கு

டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டில் தொடங்கிய சேலம் மாவட்டச் சின்னப்பம்பட்டி வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்திலேயே ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். அவர் வழியில் லெதர் பந்துக்கு மாறுகிறவர்களுக்கு, புதிய பேருந்து நிலையப் பக்கமுள்ள இந்தச் சின்னக் கடை உதவும். ஆனால் விற்பனையைவிடப் பட்டறை வேலைதான் இங்கே சிறப்பு.

புது பேட்டைத் தட்டிப் பழக்கும் நாக்கிங்கை மெஷினில் விடாமல் மரச் சுத்தியலால் கையிலேயே செய்கிறார்கள். முதலில் ஒரு டீஸ்பூன் காய்ச்சாத பச்சை ஆளி விதை எண்ணெயைப் பந்தை அடிக்கும் முகத்திலும் ஓரங்களிலும் தடவி, பேட்டைப் படுக்க வைத்து ஒரு நாள் விடுகிறார்கள். கைப்பிடி சேரும் இடத்தில் எண்ணெய் படக்கூடாது, பசை விட்டுவிடும். பிறகு ஐந்தாறு மணி நேரம் மெதுவாகத் தொடங்கித் தட்டுகிறார்கள். ஓரத்தை நேராக அடித்தால் விரியும். சாய்த்து அடித்து உருட்டுவதே சரி. எண்ணெய் கூடினால் பேட் கனத்து, அடி மந்தமாகும். 'நிறைய ஊத்துங்கண்ணா' என்றால் இங்கே மறுத்துவிடுகிறார்கள், நல்லது.

எடையைத் தராசில் வைத்தே காட்டுகிறார்கள். 1,150 முதல் 1,200 கிராம் பெரும்பாலோருக்குப் போதும்.

குறை? பின்பக்கம் குடைந்த டென்னிஸ் பந்து பேட்டையும் லெதர் பந்து பேட்டையும் ஒரே அடுக்கில் கலந்து வைத்திருக்கிறார்கள். கேட்காமல் எடுத்தால் காலடியில் விழும் முதல் யார்க்கர் பந்திலேயே அடிப்பகுதி பிளக்கலாம். கிரிப் மாற்ற பத்து நிமிடம். நாக்கிங்குக்கு மூன்று நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். சேலத்து மே மாத வெயிலில் பைக் மேலேயோ கார் டிக்கியிலோ பேட்டை விட்டுவிட்டு, விரிசல் கண்டதும் இவர்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.