ஷவர் சுவருக்கு டைல்ஸா, சாலிட் சர்ஃபேஸ் பலகையா?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கடைகளில் 8 × 4 அடி அளவில், 3 மி.மீ. தடிமனில் பளபளவென்று விற்கும் பிவிசி மார்பிள் ஷீட் வேறு, சாலிட் சர்ஃபேஸ் வேறு. ஷீட்டில் டிசைன் மேற்பரப்பில் மட்டும்தான் இருக்கும். சாலிட் சர்ஃபேஸ் என்பது ஏறக்குறைய ஒரு பங்கு அக்ரிலிக் பிசினும் இரண்டு பங்கு அலுமினியம் ட்ரைஹைட்ரேட் தூளும் சேர்ந்த பலகை. எங்கே அறுத்தாலும் உள்ளேயும் அதே நிறம். அதனால்தான் கீறல் விழுந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துவிட முடிகிறது. 1960-களின் கடைசியில் டூபான்ட் நிறுவனம் கொண்டுவந்த கோரியன்தான் இதில் முன்னோடி. சமையல் மேடைக்கு 12 மி.மீ. பலகை, சுவருக்கு 6 மி.மீ. போதும்.

மூன்று பக்கச் சுவருள்ள 3 × 4 அடி ஷவர் மூலையை எடுத்துக்கொள்வோம். 7 அடி உயரத்துக்கு 70 சதுர அடி. 300 × 600 மி.மீ. டைல்ஸ் ஒட்டினால் ஏறக்குறைய 36 டைல்ஸ், சேதாரத்துக்கு நாலு கூடுதல். அந்தச் சுவரில் டைல்ஸுக்கு இடையே விழும் சந்துகளைக் கூட்டிப் பாருங்கள், 32 மீட்டர் வரும். அத்தனை நீளத்துக்கும் கிரவுட், அதாவது சந்தை நிரப்பும் கலவை, நிற்க வேண்டும். சிமென்ட் கிரவுட் ஈரத்தை உறிஞ்சும், போர் தண்ணீரின் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆசிட் ஊற்றிக் கழுவக் கழுவக் கரையும். பிசின் வகையான எபாக்சி கிரவுட் போட்டால் இந்த மூன்று தொல்லையும் பெருமளவு போய்விடும். ஆனால் அது கெட்டியாவதற்குள் டைல்ஸ் முகத்தைத் துடைத்துவிட வேண்டும். பழக்கமில்லாத கை போட்டால் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்ளும், பிறகு சுரண்டியெடுப்பது பெரும்பாடு.

பலகையில் நிலைமை வேறு. 760 மி.மீ. அகலம், 12 அடி நீளம் உள்ள பலகைகளைக் குறுக்காக மூன்று வரிசை வைத்தால் அதே மூலைக்கு மூன்று பலகை போதும். நெட்டுக்குத்தாக வைத்தால் நான்கு வேண்டும், ஒவ்வொன்றிலும் 5 அடி மிஞ்சும். வரிசைகளை அதே நிறப் பசையால் பட்டறையிலேயே இணைத்துத் தேய்த்துவிட்டால் சந்து கண்ணுக்கே தெரியாது. மிஞ்சுவது இரண்டு மூலையும் தரையோரமும்தான், அங்கே சிலிக்கான். ஒன்றை மறக்க வேண்டாம். 4 × 7 அடி பலகையை அறைக்குள் நிமிர்த்த 8 அடிக்குச் சற்று மேல் உயரம் வேண்டும். ஃபால்ஸ் சீலிங் அதற்குக் கீழே இருந்தால் துண்டுகளாகக் கொண்டுவந்து உள்ளேயே ஒட்ட வேண்டும். தூசி, செலவு, நாள் மூன்றும் கூடும்.

பலகை கெட்டுப்போவது பெரும்பாலும் ஒட்டும் முறையால். டைல்ஸைவிட அது பல மடங்கு அதிகம் விரியும். 30 டிகிரி வெப்ப வித்தியாசத்துக்கு 7 அடிப் பலகை 2 மி.மீ.க்கு மேல் நீளும். கொத்தனார் பழக்கத்தில் சிமென்ட் பசை போட்டு மூலைக்கு மூலை இறுக்கி அடித்தால் அது வளையும், இல்லாவிட்டால் சந்தில் விரிசல் விடும். நியூட்ரல் வகை சிலிக்கானைச் செங்குத்துக் கோடுகளாக இழுத்து ஒட்ட வேண்டும், எல்லா ஓரத்திலும் 3 மி.மீ. இடைவெளி விட வேண்டும். குழாய்த் துளையும் குழாயைவிட 6 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். சோப்பு மாடத்துக்கு வெட்டும்போது உள்மூலையைச் செங்கோணமாக விட்டால் விரிசல் அங்கிருந்துதான் புறப்படும், வளைத்தே வெட்டச் சொல்லுங்கள்.

பழைய டைல்ஸை உடைக்காமல் மேலேயே ஒட்டலாம் என்பது பலகையின் பெரிய வசதி. தட்டிப் பார்த்து வெற்றோசை வரும் டைல்ஸைப் பெயர்த்து நிரப்பிவிட்டு, மினுப்பைச் சுரண்டி, சோப்புப் பிசுக்கில்லாமல் கழுவி உலரவிட வேண்டும். நீளமட்டக் கட்டை வைத்தால் சுவரில் 3 மி.மீ.க்கு மேல் பள்ளமேடு இருக்கக் கூடாது. டைல்ஸ் என்றால் பசைக் கனத்தில் கொஞ்சம் சரிக்கட்டலாம், பலகையில் முடியாது. சுவர் 10 மி.மீ. முன்னால் வருவதால் கன்சீல்டு டைவர்ட்டரின் (சுவருக்குள் பதித்த, தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பிவிடும் வால்வு) கைப்பிடி எட்டாமல் போகலாம். நீட்டிப்புத் துண்டு கிடைக்குமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் இறங்குகிறது என்பதற்காகப் பலகை போட நினைத்தால் அது வீண் செலவு. அந்தக் கசிவு பெரும்பாலும் தரையிலிருந்தோ, தரைத் தண்ணீர் வடியும் நஹானி டிராப் இணைப்பிலிருந்தோ, சுவருக்குள் ஓடும் குழாயிலிருந்தோ வருவது. மேலே எதை ஒட்டினாலும் தண்ணீரை நிறுத்துவது பின்னால் உள்ள வாட்டர்புரூஃப் பூச்சுதான். உடைத்து, தரையிலிருந்து 6 அடி உயரத்துக்கு இரண்டு கை பூசி, தரையில் 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகுதான் மேலே எதை ஒட்டுவது என்று பேச வேண்டும். உடைத்தாகிவிட்டதென்றால் டைல்ஸே லாபம்: டைல்ஸ் பசைக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 15477-இல் டைப் 2 அல்லது அதற்கு மேலான பசை, 3 மி.மீ. கனத்தில் 20 கிலோ மூட்டைக்கு 45 சதுர அடிக்குக் குறையாமல் வரும். நாலு மூலையில் உருண்டை வைத்து ஒட்ட விடாதீர்கள், பின்னால் உள்ள வெற்றிடத்தில்தான் தண்ணீர் தங்கும்.

வீட்டில் குளியலறையை ஆசிட் ஊற்றித்தான் கழுவுவார்கள் என்றால் பலகை வேண்டாம். அக்ரிலிக்கை அசிட்டோனும் தின்னரும் கெடுக்கும், ஆசிட் மங்கல் திட்டு விடும். உப்புத் தண்ணீர்க் கறை இரண்டிலும் படியும், அடர்நிறப் பலகையில் சாம்பல் பூத்தாற்போலப் பளிச்சென்று தெரியும். வெள்ளை, வெளிர் மணல் நிறங்களில் மேட் முகமாக எடுங்கள். வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து பச்சை நாரால் துடைத்து, உடனே நல்ல தண்ணீர் ஊற்றினால் போதும்.

கடைசியாகப் பார்க்க வேண்டியது பழுது. குழாய் கசிந்தால் டைல்ஸில் இரண்டைப் பெயர்த்து மாற்றலாம், அதனால் ஒரு பெட்டி எடுத்து வையுங்கள். பலகையையும் வெட்டித் துண்டு பதித்துத் தேய்க்கலாம், ஆனால் அதற்குப் பலகையை வெட்டி இணைக்கத் தெரிந்த ஃபேப்ரிகேட்டர் வர வேண்டும், அதே பேட்ச் துண்டு கையில் இருக்க வேண்டும். ஊரில் அப்படி ஆள் இல்லையென்றால், எபாக்சி கிரவுட் போட்ட டைல்ஸையே தேர்ந்தெடுங்கள்.