செவிலியராக இருந்த பாட்டிக்கு ஒரு நினைவு நூல்: தயாரித்துக் கொடுத்த சேவை எப்படி?

ஓய்வுபெற்ற செவிலியரான எங்கள் பாட்டி மறைந்தபின், வீட்டில் கிடந்த புகைப்படங்கள், நெகட்டிவ்கள், அவர் பேசிய ஒரு கேசட் ஆகியவற்றைத் திரட்டி, நினைவு நூல் தயாரித்துத் தரும் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். அச்சிட்ட நூலும் கேசட்டிலிருந்து எடுத்த ஒலிக்கோப்பும் இப்போது கைக்கு வந்திருக்கின்றன. எழுதி வைக்காத வேலை செய்யாத வேலைக்குச் சமம் என்பது செவிலியர் பயிற்சியில் சொல்லித்தரும் பாடம். பாட்டி வீட்டுக் கணக்கையும் அப்படித்தான் எழுதினார். ஆகவே இந்தச் சேவையை அழகை வைத்து எடைபோடாமல், உள்ளதை உள்ளபடி பதிவு செய்திருக்கிறார்களா என்பதை வைத்தே எடைபோடுகிறேன்.

முதலில் பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் படங்களில் பாதி, பசை தடவிய அட்டையின் மேல் பிளாஸ்டிக் தாள் மூடும் பழைய வகை ஆல்பத்தில் இருந்தன. அந்தப் பசை நாளடைவில் இறுகிப் படத்தைப் பற்றிக்கொள்ளும். அவசரப்பட்டு உரித்தால் படம் கிழிந்துவிடும். இந்த நிறுவனத்தார் பல் இடுக்கைச் சுத்தம் செய்யப் பயன்படும் மெல்லிய நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் இடையே செலுத்தி ஒவ்வொன்றாகப் பிரித்திருக்கிறார்கள். பிரிய மறுத்த படங்களை அட்டையோடு வைத்தே அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அடர்த்தியில் ஸ்கேன் செய்திருக்கிறார்கள். இதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, நாங்கள் கேட்காமலேயே படங்களின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்திருந்தது. பாட்டி ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலால் குறிப்பு எழுதுவார். 'இரவுப் பணி முடிந்து, காலை 7.40' என்று ஒன்றில் இருந்தது. முன்பக்கத்தில் சிரித்துக்கொண்டிருப்பவர் இரவு முழுவதும் தூங்காதவர் என்பது அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

குறை தொடங்குவது 23ஆம் பக்கத்தில். நெகட்டிவிலிருந்து எடுத்த அந்தப் படத்தில் வெள்ளைச் சீருடையில் பாட்டி தனியாக நிற்கிறார். பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்கு மட்டும் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. செவிலியர்கள் கைக்கடிகாரத்துக்குப் பதிலாக மார்பில் குத்திக்கொள்ளும் கடிகாரம் ஒன்று உண்டு. அணிந்திருப்பவர் குனிந்து பார்த்தால் நேராகத் தெரியும்படி தலைகீழாகத் தொங்கும், கை கழுவுவதற்கும் இடைஞ்சலாக இராது. பாட்டி அதை எப்போதும் இடப்பக்கம் குத்தியிருப்பார். நூலில் அது வலப்பக்கம் இருந்தது. நெகட்டிவின் மங்கலான பக்கம் எது, பளபளப்பான பக்கம் எது என்று பார்க்காமல் வைத்ததால் படம் இடவலமாகத் திரும்பிவிட்டது. சிறு பிழைதான். ஆனாலும் அச்சுக்குப் போகும்முன் எங்களுக்கு அனுப்பிய மாதிரிப் பக்கங்களில் இந்தப் பக்கம் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

திருத்தக்கூடாததைத் திருத்தியதுதான் அதைவிடப் பெரிய குறை. வயதான காலத்தில் பாட்டியின் கைகளை மட்டும் அருகிலிருந்து எடுத்த படம் ஒன்று எங்களிடம் உண்டு. ஆண்டுக்கணக்கில் ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் இடையே சோப்பும் கிருமிநாசினியும் போட்டுக் கழுவிக் கழுவி வறண்டு, விரல் கணுக்களில் வெடித்த கைகள் அவை. நூலில் வந்த கைகள் இருபது வயதுப் பெண்ணின் கைகள்போல் வழவழப்பாக இருந்தன. 'மென்மையாக்கம் எங்கள் தொகுப்பிலேயே அடங்கும்' என்று பெருமையாகப் பதில் வந்தது. வேண்டாம் என்று சொன்னதும் மறுபேச்சில்லாமல் மூலப் படத்தையே வைத்துக்கொடுத்தார்கள். கேட்டுவிட்டுச் செய்திருந்தால் இந்த மனக்கசப்பே நேர்ந்திராது.

கேசட் விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். பக்கத்துக்கு அரை மணி நேரம் ஓடும் 60 நிமிட நாடா அது. இரைச்சல் நீக்கிய கோப்பு ஒன்று, எதையும் தொடாத மூலக் கோப்பு ஒன்று என இரண்டு கொடுத்தார்கள். இது நல்ல வழக்கம். ஆனால் இரண்டிலும் பாட்டியின் குரல் கீச்சென்று, யாரோ ஒரு சிறுமி பாட்டிபோல் பேசுவதாகக் கேட்டது. மூலக் கோப்பில் அவர் பேச்சுக்குப் பின்னால் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தின் சத்தம் இருந்தது. வினாடிக்கு ஒரு 'டிக்' அடிக்கும் பாட்டரிக் கடிகாரம். நாடி பார்க்கும்போது 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கும் குறுக்குவழியைப் பாட்டி ஒப்புக்கொண்டதில்லை. துடிப்பு சீராக இல்லாதவரிடம் அந்தக் கணக்குப் பொய்த்துவிடும், முழு நிமிடமும் எண்ண வேண்டும் என்பார். அவர் சொன்னபடியே உட்கார்ந்து எண்ணினேன். 60 'டிக்' முடிய 56 வினாடிகள்தான் ஆயின. பதிவு செய்த கருவியில் பாட்டரி வலுவிழந்து நாடா மெதுவாக ஓடியிருக்க வேண்டும். அதைச் சரியான வேகத்தில் ஓட்டினால் பேச்சு விரைவதும் குரல் உயர்வதும் இயல்பு. இது நிறுவனத்தின் தவறன்று. எழுதித் தெரிவித்ததும் வேகத்தைக் குறைத்து மூன்றே நாளில் புதிய கோப்பு அனுப்பினார்கள். பாட்டியின் குரல் திரும்பிவந்தது. இரைச்சல் நீக்கிய கோப்பில் அந்தக் கடிகாரச் சத்தம் துடைக்கப்பட்டிருந்தது. அது மட்டும் இருந்திருந்தால் நான் எதை வைத்து எண்ணியிருப்பேன்?

அந்தப் பேச்சை எழுத்தாக்கிய பகுதியில் 'இருமல் ஊசி' என்று ஒரு சொல் வருகிறது. பாட்டி சொன்னது 'இருமுனை ஊசி'. பெரியம்மைத் தடுப்பூசிக்குப் பயன்பட்ட, நுனியில் கவைபோலப் பிளந்த ஊசி அது. அந்தக் கவையில் ஒரு சொட்டு மருந்து தங்கும், அதைக்கொண்டு தோலில் ஒரே இடத்தில் 15 முறை விரைவாகக் குத்துவார்கள், லேசாக இரத்தம் துளிர்த்தால்தான் சரியாகக் குத்தியதாகப் பொருள். பெரியம்மை ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்த பிறகு அந்த ஊசியை நேரில் காணாத தலைமுறைக்குச் சொல் பிடிபடாதது இயற்கை. பிடிபடாத சொல்லுக்கு நேரே ஒரு கேள்விக்குறியாவது போட்டிருக்கலாம்.

வாழ்க்கைக் குறிப்பை அவர்களுடைய எழுத்தாளரே எழுதினார். முதல் வரைவில் பாட்டி 'வெள்ளுடை தேவதை'யாகவும் 'கருணைக் கடலாக'வும் இருந்தார். எந்த வார்டில் எத்தனை ஆண்டு பணி செய்தார், எந்தப் பயிற்சியை எப்போது முடித்தார் என்பது மட்டும் இல்லை. தேவதை என்று அழைத்தால், 'தேவதைக்குச் சம்பளம் கிடையாது, நான் தேர்வு எழுதி வேலைக்கு வந்தவள்' என்பார் பாட்டி. அட்டைக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது மூக்கு நீண்ட எண்ணெய் விளக்கின் படம். 'விளக்கேந்திய மங்கை' என்று பெயர்பெற்ற, செவிலியத்தின் முன்னோடி ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் ஸ்குடாரி படை மருத்துவமனையில் எடுத்துச் சென்றது அந்த விளக்கே அன்று, மடித்து வைக்கக்கூடிய கூண்டு விளக்கு. விளக்கை விடுங்கள், கிரிமியப் போரில் காயத்தால் இறந்தவர்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்த வீரர்களே அதிகம் என்று 1858இல் வரைபடம் போட்டுக் காட்டியவர் அவர். எண்ணி எழுதும் அந்த வழக்கம்தான் பாட்டியிடம் இருந்தது. அட்டையில் விளக்கை எடுத்துவிட்டு, அவர் கையெழுத்திலுள்ள ஒரு குறிப்பை வைக்கச் சொன்னோம்.

தாளும் கட்டும் நேர்த்தி. பசையால் ஒட்டாமல் நூலால் தைத்திருப்பதால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தட்டையாகப் படிகிறது. சொன்ன நாளைவிட இரண்டு வாரம் தாமதம். மறு அச்சுக்குக் கூடுதல் கட்டணம் கேட்கவில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். இவர்களிடம் கொடுப்பவர்கள், படத்தில் மென்மையாக்கம் வேண்டாம் என்று தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். மாதிரிப் பக்கங்கள் என்று சிலவற்றை மட்டும் அனுப்பினால், முழு நூலையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். மறு அச்சு சென்ற வாரம் வந்தது. 23ஆம் பக்கத்தில் கடிகாரம் இடப்பக்கம் இருக்கிறது.