ஆண்டர்சன் தெருவில் பள்ளிப் பதிவேடுகள்: எதை நம்பி வாங்கலாம், எதை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்

சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெரு கல்யாணப் பத்திரிகைக்குப் பேர்போனது. அரக்கோணம், செங்கல்பட்டு பக்கத்துப் பள்ளி அலுவலகங்களுக்கோ அது பதிவேட்டுத் தெரு. கடற்கரை ஸ்டேஷனில் இறங்கினால் நடை தூரம்தான். மெட்ரோவில் வந்தால் உயர்நீதிமன்ற நிறுத்தம். வருகைப் பதிவேடு, கேஷ் புக், ஸ்டாக் ரிஜிஸ்டர், தபால் பதிவேடு எல்லாம் ஒரே நடையில் வாங்கிவிடலாம். வகையும் விலையும் திருப்தி. தரம்தான் கடைக்குக் கடை மாறும்.

அட்டையைப் பார்த்து மயங்க வேண்டாம். நடுவில் பிரித்து, நூல் தெரிகிறதா என்று பாருங்கள். பாரம் பாரமாக, அதாவது மடித்த தாள் கட்டுகளாக, நூலால் தைத்த பதிவேடு மேசையில் தட்டையாக விரியும். ஓரத்தில் கம்பி அடித்தது விரியாது. உள்ளோரக் கட்டத்தில் எழுதியது மடிப்புக்குள் போய்விடும். இரண்டு மழைக்காலம் போனால் கம்பி துருவேறி, தாள் அந்த இடத்தில் பழுத்துக் கிழியும். ஒரு வருஷத்தோடு முடியும் வருகைப் பதிவேட்டுக்குக் கம்பி போதும். சேர்க்கைப் பதிவேட்டுக்குக் கூடவே கூடாது. இன்று ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளை முப்பது வருஷம் கழித்துப் பிறந்த தேதிக்குச் சான்று கேட்டு வந்தாலும் அந்தப் பக்கம் கையில் இருக்க வேண்டும். அதற்குக் காலிகோ (பருத்தித் துணி) ஒட்டிய முதுகும், கணக்குப் புத்தகத்துக்கான உறுதியான லெட்ஜர் தாளும் கேட்டு வாங்குங்கள். மாதிரித் தாளில் மைப் பேனாவால் எழுதிப் பின்பக்கம் பாருங்கள். மை ஊறித் தெரிந்தால் அந்தத் தாள் வேண்டாம்.

ரெடிமேட் சேர்க்கைப் பதிவேட்டின் பெரிய குறை, கட்டங்கள் பழையவை. எமிஸ் எண்ணுக்கு (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் மாணவருக்குத் தரும் எண்) இடமே இல்லாத அச்சு இன்னும் விற்கிறது. பிறந்த தேதியை எழுத்தில் எழுதும் கட்டம் ஒரு அங்குலம்கூட இருக்காது. ‘இருபத்தேழு செப்டம்பர் இரண்டாயிரத்துப் பதினெட்டு’ என்று அதில் எழுதிப் பாருங்கள், அடுத்த வரிசையில் ஏறிவிடும். அதனால் இந்த ஒரு பதிவேட்டை மட்டும் அச்சுக்குக் கொடுப்பதே சரி. அந்தக் கட்டம் இரண்டரை அங்குலம் இருக்கட்டும், வரி இடைவெளியைக் கூட்டச் சொல்லுங்கள். ப்ரூஃப் (திருத்தம் பார்க்கத் தரும் மாதிரி அச்சு) பார்க்காமல் ஒப்புதல் தராதீர்கள். மார்ச், ஏப்ரலில் கொடுத்துவிட்டால் நிதானமாகச் செய்து தருவார்கள். ஜூன் நெருங்கினால் நோட்டுப் புத்தக வியாபாரத்தில் உங்கள் வேலை பின்னுக்குப் போகும்.

பில் விஷயத்தில் கறாராக இருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் மாணவர் நோட்டுகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. பதிவேடு, கணக்குப் புத்தகங்களுக்கு 18 சதவீதம். இரண்டையும் சேர்த்து வாங்கும்போது பில்லில் தனித்தனியாகப் போட்டிருக்கிறதா, பள்ளியின் பெயரில் பில் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். தணிக்கையில் முதல் கேள்வி அங்கேதான் வரும்.

பக்க எண் அச்சிட்ட பதிவேடுகளே நல்லது. முதல் பக்கத்தில் ‘1 முதல் 200 வரை பக்கங்கள் உள்ளன’ என்று தலைமை ஆசிரியர் சான்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமே. பைண்டிங்கில் ஒரு பாரம் விடுபடுவதும் தலைகீழாகச் சேர்வதும் நடப்பதுதான். எனவே பணம் கொடுக்கும் முன் கடைசி எண் வரை புரட்டிவிடுங்கள். கையெழுத்தும் முத்திரையும் விழுந்த பதிவேட்டை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது.