வட்டவளை மழையில் ஒரு 070

இலங்கை மலைநாட்டில், பண்டாரவளைப் பக்கம் விறகு வேலை செய்யும் மச்சான் ஒருவன் போன கிழமை கேட்டான்: "பழைய ஸ்டில் 070 செயின் சோ ஒன்று விலைக்கு வந்திருக்கு, ஒன்றரை லட்சம் சொல்கிறார்கள், எடுக்கலாமா? நீதானே வருடக்கணக்கில் வைத்திருக்கிறாய்." இரண்டு வரியில் வொட்ஸ்அப்பில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அவன் கேட்ட நேரம் நான் வாசலில் சாக்கை விரித்து, என் 070இன் பிளைவீலை (எஞ்சினோடு சுற்றும் கனச் சக்கரம்) கழற்றிப் போட்டு, பொயின்டை, அதாவது பிளக்கில் பொறி அடிக்க வைக்கும் சின்னப் பாகத்தை, துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோபத்தில் பதில் சொன்னால், மரம் அறுக்கும் அந்த மெசினுக்கு அநியாயம். கோபம் அடங்கட்டும் என்று இருந்துவிட்டு இப்போது எழுதுகிறேன். முழுதாக அடங்கவில்லை என்பது வாசிக்கும்போதே தெரியும்.

106 சிசி, ஒற்றை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் என்ற விபரமெல்லாம் செயின் சோ பிடித்தவர்களுக்குப் புதிதல்ல. ஜெர்மன் மொடல், பிறகு பிரேசிலிலும் செய்தார்கள். பிந்தி வந்தவற்றில் பொயின்ட் கிடையாது, எலக்ட்ரோனிக் கொயில். என்னிடம் இருப்பது பொயின்ட் வைத்தது. நான் எழுதப்போவது பெரும்பாலும் அந்த ஒரு வித்தியாசத்தைப் பற்றித்தான். மற்றதெல்லாம் இடையிடையே வரும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு மனம் வராது. இரண்டடிக்கு மேல் விட்டமுள்ள டர்பன்டைன் (யூகலிப்டஸ்) மரத்தைக் கீழே போட்டு, சரிவிலேயே துண்டு போட வேண்டும் என்று வையுங்கள். புதிய மெசின்கள் நிமிடத்துக்கு 13,000 சுற்றுக்கு மேல் கத்திக்கொண்டு நிற்கும். பார் (செயின் ஓடும் நீளத் தகடு) முழுதும் மரத்துக்குள் போனதும் மூச்சு வாங்கும், நாமும் கையைத் தூக்கித் தூக்கி விட வேண்டும். 070 ஓடுவதே அதில் ஏறக்குறைய பாதிச் சுற்றில்தான். ஆனால் நீளமான பாரை அடிவரை புதைத்தாலும் சத்தம் இறங்காது. அழுத்தத் தேவையில்லை, தன் பாரத்திலேயே இறங்கிப் போகும். பல் சரியாகத் தீட்டியிருந்தால் வெளியே வருவது தூள் அல்ல, விரல் நகம் அளவு சீவல். வெட்டு முடியும்போது காலுக்குப் பக்கத்தில் ஒரு குவியல் கிடக்கும், ஈர டர்பன்டைன் வாசனை எழும்பும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு அது அலுக்கவில்லை.

பலகை அறுப்பதிலும் அப்படித்தான். தேயிலைக்கு நிழலுக்காக வைத்த சவுக்கு, அதாவது கிறவீலியா, விழுவது எப்போதும் லொறி போகாத மலையில்தான். விழுந்த இடத்திலேயே பலகையாக அறுத்துத் தோளில் இறக்க வேண்டும். நெடுக்காக அறுக்கும்போது மெசின் நிற்காமல் முழு வேகத்தில் ஓடும். சின்ன மெசின்கள் அதில்தான் சூடேறிச் சாகும். இது சாகவில்லை. பிஸ்டன், ரிங் இரண்டும் இன்னும் நல்ல நிலை. கிளச் ஸ்பிரிங் மாற்றினேன், வேறு பெரிதாக ஒன்றும் இல்லை.

இனி பொயின்ட்.

பிளைவீலுக்குப் பின்னால், கிராங்க் ஷாஃப்டோடு சுற்றும் சின்ன மேடு ஒன்று, ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு உலோகப் புள்ளிகளைப் பிரிக்கும். பிரிகிற நேரம் கொயிலில் ஓடிய கரண்ட் அறுபட்டு பிளக்கில் பொறி அடிக்கும். புள்ளிகள் விரியும் இடைவெளி 0.35 முதல் 0.4 மில்லிமீட்டர், தடித்த விசிட்டிங் கார்ட் ஒன்றை நுழைக்கலாம், அவ்வளவுதான். அந்த இடத்துக்குள் ஈரமோ, ஒயில் படலமோ, சும்மா கிடந்து பூத்த சாம்பல் படலமோ வந்தால் பொறி இல்லை. பொறி இல்லாவிட்டால் 106 சிசி என்ன, 500 சிசி என்ன.

நான் இருப்பது வட்டவளை. வருடத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற ஊர். மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டம்பர் வரை துணி காயாது. வேலை நடக்கும்போது பெய்கிற மழை மெசினை ஒன்றும் செய்வதில்லை, எல்லாம் மூடிக்குள்தான் இருக்கிறது. வில்லங்கம் வேலை முடிந்த பிறகு. சூடாக இருக்கும் மெசினைப் பனிமூட்டத்துக்குள் இறக்கி வைக்கிறோம். ஆறும்போது அது வெளியே உள்ள ஈரக் காற்றை உள்ளே இழுக்கிறது. இரவில் அந்த ஈரம் குளிர்ந்து, தேடிப் போய் பொயின்டில் படிகிறது. ஏன் அங்கே என்று மட்டும் கேட்காதீர்கள், கொயிலில் படியலாம், பிளைவீலில் படியலாம், அங்கேயெல்லாம் படிந்தாலும் எனக்குக் கவலையில்லை.

காலையில் கயிற்றை இழுத்தால் செத்த சத்தம். இந்த மெசினின் கயிற்றை அரைமனதாக இழுக்கவும் கூடாது, பாதியில் விட்டால் திருப்பி இழுத்து மணிக்கட்டைப் பதம் பார்க்கும். பிளக்கைக் கழற்றி, பெற்றோல் இல்லாத பக்கமாகச் சிலிண்டரில் தொட வைத்து இழுத்துப் பார்த்தால் பொறி மஞ்சளாக, வந்தும் வராமலும் இருக்கும். சரி, ஃபேன் மூடியைக் கழற்று. பிளைவீலில் உள்ள துவாரத்தைப் பொயின்டுக்கு நேரே கொண்டுவா. கல்யாணக் கார்டில் இருந்து மெல்லிய கீற்று வெட்டி, நுனியைப் பெற்றோலில் தொட்டு, புள்ளிகளுக்கு நடுவில் விட்டு இழு. கறுப்புக் கோடு வரும். இன்னொரு கீற்று. கோடு வராத வரை இழுக்க வேண்டும். கல்யாணக் கார்ட் நல்லது, வழவழப்பாக இருக்கும், நார் விடாது. எங்கள் வீட்டில் ஒரு கார்டையும் எறிய விடுவதில்லை. எமரித் தாள் போடச் சொல்கிற மெக்கானிக் பாஸ்மார் இருக்கிறார்கள். வேண்டாம், அந்த மணல் புள்ளியில் பதிந்துகொண்டால் அதுவே கரண்டை மறிக்கும்.

இத்தனையும் செய்தால் மெசின் ஸ்டார்ட் ஆகும். அதுதான் என் எரிச்சலே. ஸ்டார்ட் ஆகாமல் ஒரேயடியாகப் போய்விட்டால் வேறு மெசின் வாங்கியிருப்பேன். ஒவ்வொரு முறையும் துடைத்தவுடன் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடும். கூட வந்த பொடியன்கள் அதற்குள் தேத்தண்ணி குடித்து முடித்து, கூலி ஓடிக்கொண்டிருக்கும்.

இரவில் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். டாங்கை வடித்துவிட்டு, அடுப்பை விட்டுத் தள்ளி, மிலாறு (விறகுக்கு எடுத்த தேயிலைக் குச்சி) காய வைத்திருக்கும் மூலையில் வைப்பேன். வடித்தாலும் பெற்றோல் மணக்கும். வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

நியாயமாகச் சொன்னால் இதைக் கம்பெனி மேல் போட முடியாது. அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள், கார், பெற்றோல் தண்ணீர் பம்ப் எல்லாவற்றிலும் பொயின்ட்தான். கோபப்பட வேண்டிய ஆள் வேறு. போன வருடம் ஒரு கடையில் ஒரிஜினல் என்று சொல்லிப் புதுக் கொண்டென்சர் ஒன்றைத் தந்தார்கள். பொயின்ட் பிரியும்போது இடையில் பொறி பாயாமல் தடுப்பது கொண்டென்சரின் வேலை. இது தடுக்கவில்லை. கொஞ்ச நாளில் பார்த்தால் ஒரு புள்ளியில் குழி, மற்றதில் மேடு, சுற்றிலும் நீலமாகக் கருகல். கேட்டால், "உங்கள் மெசின் பழசு" என்றார்கள். கடைசியில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் கொண்டென்சரை வெளியே வைத்து வயர் இழுத்துக் கட்டினேன். 0.2 மைக்ரோஃபராட்டுக்குக் கிட்ட இருந்தால் போதும். பார்க்க அசிங்கம், ஆனால் ஓடுகிறது.

பிளைவீலைக் கழற்ற நேர்ந்தால் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட வேண்டும். எனக்கு முந்திய உரிமையாளர் சுத்தியல் போட்டிருக்கிறார். காற்றடிக்கும் தகடுகளில், அதாவது ஃபின்களில், இரண்டு உடைந்துதான் என் கைக்கு வந்தது. அதனால் ஏற்கெனவே அதிர்கிற மெசின் இன்னும் கொஞ்சம் அதிர்கிறது. சந்தையில் கிடைக்கும் போலிப் பிளைவீல்களைக் கையில் எடுத்துப் பார்த்தேன், திருப்பி வைத்துவிட்டேன். நல்ல பழைய பிளைவீல் ஒன்றை வெகு நாளாகத் தேடுகிறேன்.

காபரேட்டர் பற்றி ஒரே பத்திதான், ஏனென்றால் அது தொல்லை தருவதில்லை. டில்லொட்சன் கம்பெனியுடையது, டயஃப்ரம் (மெல்லிய சவ்வு) வகை. 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போய், அந்த விலைக்கும் வரிசையில் கிடைக்காத காலத்தில் மெசின் சும்மா கிடந்து டயஃப்ரம் விறைத்தது. மாற்றினேன், அரை மணி வேலை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். அங்கே போனால் பெற்றோல் கூடிப் புகையும், முழு வேகத்தில் பெற்றோலை அளக்கும் ஹை ஸ்குருவைக் கொஞ்சம் மூடுவோம். அதே செட்டிங்கோடு இறப்பர் மரம் வெட்டக் கேகாலைக்கு இறங்கினால் பெற்றோல் குறைந்து, அதில் கலந்த ஒயிலும் குறைந்து, பிஸ்டன் பிடித்துவிடும். இறங்கினால் ஸ்குருவைத் திற. சாதாரண டூ-டீ (டூ ஸ்ட்ரோக்) ஒயில் என்றால் பெற்றோல் லீற்றருக்கு 40 மில்லிலீற்றர், குறைக்காதே.

செயின் பிரேக் கிடையாது. பாரின் நுனியில் மேல் பக்கம் எதிலாவது தட்டினால் மெசின் நேராக முகத்துக்கு வரும், நிறுத்த ஒன்றும் இல்லை. அதிர்வைத் தாங்க ரப்பரும் இல்லை. தை மாதக் குளிரில் அரை நாள் பிடித்தால் விரல் நுனி வெளுத்து மரத்துவிடும். பழகாத ஆளிடம் நான் இதைக் கொடுப்பதில்லை, எவ்வளவு நெருங்கியவர் என்றாலும்.

பொயின்டை எடுத்துவிட்டு எலக்ட்ரோனிக் சிப் போடலாமே என்று கேட்பார்கள். தீப்பெட்டியை விடச் சின்ன சாமான், பழைய கொயிலோடேயே வேலை செய்யும். இத்தனை நாளும் நான் அதற்கு எதிராகத்தான் வாதாடினேன். பொயின்ட் மலை நடுவில் நின்றால் கல்யாணக் கார்ட் போதும், சிப் போனால் மெசினைச் சுமந்துகொண்டு கீழே இறங்க வேண்டும், சும்மா சிலுசிலுவென்று ஓடுகிறதே என்று நம்பி மலை ஏற முடியாது என்றெல்லாம் சொல்வேன். வாதம் சரியானதுதான். ஆனால் போன கிழமை சிப்புக்கு ஓடர் கொடுத்துவிட்டேன். ஜூலை மாதத்தில் யாரும் என்னிடம் வாதத்துக்கு வர வேண்டாம்.

மச்சான், உன் பக்கம் வேறு என்று எனக்குத் தெரியும். இங்கே மழை கொட்டும் ஜூன், ஜூலையில் ஊவாவில் உங்களுக்குக் கச்சான் என்கிற வறண்ட காற்று அடிக்கும், எல்லாம் காய்ந்து கிடக்கும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான் உங்களுக்கு ஈரம். உன் வேலையும் பெரும்பாலும் பெரிய டர்பன்டைன். இதே விலைக்குக் கடையில் வருகிற 58 சிசி சீன மெசின்கள் இரண்டை வாங்கினாலும் இந்த ஒன்று செய்கிற வேலையைச் செய்யாது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் எடு என்றுதான் வருகிறது.

எடுக்காதே. பொயின்ட் மெசினுக்கு ஒன்றரை லட்சம் கொடுக்கிறாய் என்று நினைத்தாலே எனக்குக் கை அரிக்கிறது. எலக்ட்ரோனிக் வந்த பிந்திய 070 கிடைக்கும் வரை பொறுத்திரு. அது கிடைத்தாலும் 2019இல் செயின் சோக்களைப் பதியச் சொன்னபோது பதிந்த காகிதம் இருக்கிறதா என்று கேள், இல்லாவிட்டால் பேச்சே வேண்டாம்.

ஆனால் அந்த மெசினைப் பார்க்க ஒரு தரம் போய் வா. ஃபேன் மூடியைக் கழற்றச் சொல்லிப் பிளைவீல் ஃபின் எல்லாம் முழுதாக இருக்கிறதா என்று பார்த்து, படம் எடுத்து அனுப்பு. முழுதாக இருந்தால் அவரிடம் தொண்ணூறாயிரத்துக்குக் கேட்டுப் பார். எனக்கென்று சொல்லாதே.