லா படிக்கிற பிள்ளைங்க "ஸ்டூடண்ட் பேக்கேஜ்"னு யாரு சொன்னாலும் லேப்டாப்ப தூக்கி குடுத்துராதீங்க

மக்கா, லா படிக்கிறவங்க இத கொஞ்சம் பொறுமையா வாசிங்க. நான் குலசேகரம் பக்கம், அஞ்சு வருஷ கோர்ஸ்ல நாலாம் வருஷம். அப்பா ரப்பர் பால்வெட்டுக்கு போறாவ, மழை பெஞ்சா வெட்டு கெடையாது, அன்னைக்கு பைசாவும் கெடையாது. அந்த வீட்டுல இருந்து 6,500 ரூபா போயிருக்கு, வயிறு எரியுது.

ஜூன்ல எனக்க லேப்டாப் ஓப்பன் ஆகவே பத்து நிமிஷம் ஆச்சு. நாகர்கோவில்ல ஒரு சர்வீஸ் கடை, பேரு போடல, "லா ஸ்டூடண்ட் பேக்கேஜ்"னு எங்க வாட்ஸ்அப் குரூப் எல்லாத்துலயும் போட்டிருந்தாங்க, புது எஸ்எஸ்டி (ஃபைல் எல்லாம் சேவ் ஆகுற வேகமான டிரைவ்), ஒரிஜினல் விண்டோஸ், லைஃப்டைம் எம்எஸ் ஆபிஸ், கூடவே கேஸ் லா, அதாவது பழைய கோர்ட் தீர்ப்பெல்லாம் தேடுற பெய்டு சைட்டுக்கு ஒரு வருஷ லாகின். "பில்லு வேணும்னா 18 சதவீதம் ஜிஎஸ்டி கூடும் தங்கச்சி, எதுக்கு வீணா"ன்னு அந்த அண்ணன் சொன்னாவ, நானும் தலையாட்டிட்டேன். துண்டு பேப்பர்ல மாடல் பேரும் ரூபாயும் மட்டும் கிறுக்கி தந்தாவ, ஜிபே பண்ணுனா வேற ஒரு ஆளு பேரு வருது.

மூணாவது வாரமே லாகின் போட்டா வேற டிவைஸ்ல ஓடிட்டு இருக்குன்னு வெளிய தள்ளுது. போன் பண்ணி கேட்டா "நைட்டு பதினொரு மணிக்கு மேல பாரும்மா, கூட்டம் இருக்காது"ங்கான். அப்பத்தான் புரிஞ்சுது, ஒத்த அக்கவுண்ட எத்தனையோ பேருக்கு வித்திருக்கான்.

அது கூட போட்டும். மூட் கோர்ட்டுக்கு, அதாவது லா ஸ்டூடண்ட்ஸ் வக்கீல் மாதிரி வாதாடுற போட்டிக்கு, மெமோரியல்னு எழுத்துல குடுக்கிற வாதத்த சப்மிட் பண்ண கடைசி நாள், நைட்டு 9:40, வேர்டுக்கு மேல ஒரு சிவப்பு பட்டை வந்துச்சு, லைசென்ஸ் இல்லியாம். ஃபைல பாக்கலாம், ஆனா ஒரு எழுத்து அடிக்க முடியல. ஃப்ரெண்டுக்க போன்ல கூகுள் டாக்ஸ்ல ஏத்தி மிச்சத்த அடிச்சோம், இண்டெக்ஸ் ஆஃப் அதாரிட்டீஸ்ல, அதாவது நாங்க காட்டுன தீர்ப்பு, சட்டம் எல்லாம் எந்தெந்த பக்கத்துல இருக்குன்னு சொல்ற பட்டியல்ல, பக்க நம்பர் எல்லாம் மாறி கெடந்துச்சு, அப்படியே அனுப்ப வேண்டியதா போச்சு. ரெண்டு மாச உழைப்பு. எங்க கூட ஆர்க்யூ பண்ண இருந்த பிள்ள அன்னைக்கு அழுதுட்டா.

திருவனந்தபுரத்துல ஐடில இருக்க எங்க சித்தப்பா மகன் ஓணத்துக்கு வந்தப்ப தொறந்து பாத்தான். விண்டோஸ் கிராக் பண்ணது, அதாவது லைசென்ஸ் வாங்காம திருட்டுத்தனமா ஓட வச்சது, 180 நாள்தான் தாங்குமாம். அந்த கிராக் மாட்டிக்கிடாம இருக்க ஆன்டிவைரஸ் செட்டிங்ல எக்ஸ்க்ளூஷன்ஸ்னு, எதயெல்லாம் செக் பண்ண வேண்டாம்னு சொல்ற ஒரு எடம் உண்டு, அதுல கடைக்காரன் சி டிரைவ முழுசா சேத்து வச்சிருக்கான், அதாவது வைரஸ் வந்தாலும் அது கண்ண மூடிக்கிடும். 8 ஜிபி ராம் (மெமரி) இருந்த எடத்துல இப்ப 4 ஜிபிதான் இருக்கு. இண்டர்ன்ஷிப்ல சீனியர் வக்கீல் தந்த கட்சிக்காரங்க பேப்பர் எல்லாம் அதுல கெடந்துச்சு, அத நெனச்சாத்தான் எனக்கு தூக்கம் வரல.

இதுல பாதி சும்மா கெடைக்கிறது மக்கா. சுப்ரீம் கோர்ட் தீர்ப்பெல்லாம் 2023 ஜனவரில இருந்து இ-எஸ்சிஆர்ங்கிற சுப்ரீம் கோர்ட் சைட்ல ஃப்ரீ, சட்டங்களுக்கு இந்தியா கோட்னு கவர்மெண்ட் சைட் இருக்கு, தீர்ப்பு தேட இந்தியன் கானூன் சைட் எல்லாருக்கும் தெரியும். காலேஜ் மெயில் ஐடி இருந்தா எம்எஸ் ஆபிஸ் ஆன்லைன்ல ஃப்ரீயா கெடைக்குமான்னு மொதல்ல காலேஜ் ஆபிஸ்ல கேளுங்க, பெய்டு டேட்டாபேஸ் லைப்ரரில இருக்கான்னு லைப்ரேரியன்கிட்ட கேளுங்க. நான் ரெண்டையும் கேக்கல. சர்வீஸுக்கு குடுத்தே ஆகணும்னா டாஸ்க் மேனேஜர்ல ராம் எவ்வளவுன்னு காட்டுற ஸ்க்ரீன போட்டோ எடுத்துட்டு, ஃபைல வேற எடத்துல மாத்திட்டு, பில்லு வாங்கிட்டு குடுங்க.

கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915க்கு அடிச்சு கம்ப்ளைண்ட் போட்டாச்சு. ஏமாத்துனதுக்கு போடுற பழைய ஐபிசி 420 இப்ப புது கிரிமினல் சட்டமான பிஎன்எஸ்ல 318, அது பின்னால பாப்போம், மொதல்ல நாகர்கோவில் கன்ஸ்யூமர் கமிஷன், 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ் கெடையாது. எங்க கிளாஸ்ல மட்டும் ஏழு பேரு இதே பேக்கேஜ் வாங்கியிருக்கோம், யாருகிட்டயும் பில்லு இல்ல, ஜிபே ஹிஸ்டரியும் வாட்ஸ்அப் சாட்டும்தான் ஆதாரம். வேற காலேஜ்ல வாங்குனவங்க இருந்தா அந்த சாட்ட அழிச்சிராதீங்க, திங்கக்கிழமை நோட்டீஸ் அனுப்புறோம்.