நியூ ஜெர்சி வீட்டை விற்கும்போது 'எக்ஸிட் டாக்ஸ்' என்று பிடித்தால் கேள்வி கேளுங்கள்

நியூ ஜெர்சியில் வீடு வைத்துக்கொண்டு வேறு மாநிலத்துக்குக் குடிபோனவர்கள், விற்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எங்களிடம் 13,000 டாலர் பிடித்தார்கள். பிடித்திருக்கவே வேண்டாம்.

எடிசனில் 4.2 லட்சம் டாலருக்கு வாங்கி, பத்து வருஷத்துக்கு மேல் நாங்களே குடியிருந்த வீடு. வீட்டுக்காரருக்கு டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் வேலை கிடைத்து ஜூனில் கிளம்பினோம். அக்டோபரில் 6.5 லட்சத்துக்கு விலை படிந்தது. குளோசிங்குக்கு (பணம் கைமாறி விற்பனை முடியும் நாள்) முந்தின நாள் சாயங்காலம்தான் எங்கள் வக்கீல் ஆபீஸ் கணக்குத் தாளை அனுப்பியது. ரியால்டி டிரான்ஸ்ஃபர் ஃபீ (சொத்து கைமாறும்போது கட்டும் கட்டணம்) என்று தாளில் ஒரு வரிசை. அது விற்பவர் கட்டவேண்டியதுதான், அதில் தகராறு இல்லை. அதற்குக் கீழே 'என்.ஜே. எக்ஸிட் டாக்ஸ் 13,000'. அதைக் கட்டித்தர 'பிராசஸிங்' என்று தனியாக 350.

போன் பண்ணினால் உதவியாளர் பெண் எடுத்தார். "நீங்கள் இப்போது டெக்சாஸ். இது சட்டம். கட்டாவிட்டால் பத்திரம் பதிவாகாது, வாங்குபவர் லாரியோடு நிற்கிறார்" என்றார். வக்கீல் லைனுக்கே வரவில்லை.

பாதி உண்மை சொல்லி மிரட்டுவது இப்படித்தான். எக்ஸிட் டாக்ஸ் என்று ஒரு வரியே கிடையாது. மாநிலத்தில் வசிக்காதவர் அங்கே சொத்து விற்றால், வருமான வரியில் ஒரு தொகையை முன்கூட்டியே கட்டவேண்டும் என்ற ஏற்பாடு 2004 ஆகஸ்டிலிருந்து இருக்கிறது. வரிக்கு உட்படும் லாபத்தில் 10.75 சதவீதம், ஆனால் விற்ற விலையில் 2 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. எங்களுக்கு வரிக்கு உட்படும் லாபம் இல்லாததால் 13,000 என்பது அந்தக் குறைந்தபட்ச 2 சதவீதம். அதற்கான படிவம் இல்லாமல் கவுன்ட்டி பதிவு அலுவலகத்தில் பத்திரம் பதிவாகாது என்பதும் சரிதான்.

அவர் சொல்லாமல் விட்ட மீதிப் பாதி: கட்டுவதற்கு ஜிஐடி/ஆர்ஈபி-1 என்று ஒரு படிவம் இருப்பதுபோல, கட்டவேண்டாம் என்பதற்கு ஜிஐடி/ஆர்ஈபி-3 இருக்கிறது. அதில் இரண்டாவது கட்டம், விற்கிற வீடு ஃபெடரல் (மத்திய அரசு) வருமான வரிச் சட்டத்தின் 121-ஆம் பிரிவுப்படி உங்கள் முதன்மை வசிப்பிடம் என்கிறது. கடைசி ஐந்து வருஷத்தில் இரண்டு வருஷம் சொந்தமாக வைத்துக் குடியிருந்தால் போதும். இப்போது எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்பது அதற்குப் பொருட்டே இல்லை. ஒரே ஒரு டிக், ஒரு கையெழுத்து.

வரி என்று பார்த்தாலும் எங்களுக்குச் சல்லிக்காசு வராது. தம்பதியாக ரிட்டர்ன் போட்டால் 5 லட்சம் டாலர் வரை லாபத்துக்கு விலக்கு, தனி ஆளுக்கு 2.5 லட்சம். நியூ ஜெர்சியும் இதையே ஏற்கிறது. எங்கள் லாபம் இரண்டேகால் லட்சம் சொச்சம்தான். (லாபம் அந்த வரம்பைத் தாண்டினால் மிச்சத்துக்கு நியூ ஜெர்சிக்கு வரி உண்டு. டெக்சாஸில் வருமான வரி இல்லையே என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வீடு இருக்கிற மாநிலம்தான் கணக்கு. கலிஃபோர்னியாக்காரர்களுக்கும் இதே கூத்து, அங்கே 593 என்று படிவம், விலையில் 3.33 சதவீதம். அங்கேயும் குடியிருந்த வீட்டுக்கு விலக்கு உண்டு.)

இதற்கு மேல் ஒரு கொசுறு. வாட்ஸ்அப் குழுவில் ஒரு டாக்ஸ்காரர், நம்ம ஊர்க்காரர்தான், "அக்கா, அந்தப் பதிமூணாயிரம் லேசுல திரும்பி வராது, எனக்கு ஆள் இருக்கு, வர்றதுல 15 சதவீதம் குடுங்க" என்றார். அட்வான்ஸ் 400 டாலர் வாங்கிக்கொண்டார், பிறகு மெசேஜுக்கு நீல டிக் மட்டும் விழும். அவர் 'ஆள்' வைத்துச் செய்வதாகச் சொன்ன வேலைக்குப் பெயர் ஏ-3128 படிவம், அதாவது முன்கூட்டிப் பிடித்ததைத் திருப்பிக் கேட்கும் படிவம். மாநில வரித்துறை இணையதளத்தில் இலவசமாகக் கிடக்கிறது. குளோசிங் கணக்குத் தாளின் நகலோடு நாமே அனுப்பலாம், வருஷக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம். அதை விட்டுவிட்டாலும் அடுத்த வருஷம் வெளிமாநிலத்தவர் நியூ ஜெர்சிக்குப் போடும் என்ஜே-1040என்ஆர் வருமான வரி ரிட்டர்னில் கேட்டு வாங்கலாம்.

நானே நிரப்பி அனுப்பினேன். பணம் முழுசாக செக்காக வந்தது. வந்த வாரமே டாக்ஸ்காரர் உயிர்பெற்று "அக்கா, ரீஃபண்ட் வந்துச்சா?" என்று கேட்டார். வக்கீல் ஆபீஸ் பிடித்த 350-க்கு வக்கீல் கட்டணத் தகராறுகளை விசாரிக்கும் ஃபீ ஆர்பிட்ரேஷன் கமிட்டிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.